சின்னக் குடம், சின்னக் கல்

தண்ணளி நாட்டுக்கு வழி கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். போனவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அங்கே ஒரு முறை காய்ச்சலில் படுத்து எழுந்தால் திரும்பி வர வண்டிக் கூலி மிஞ்சாது. அதனால் போனவர்கள் எல்லாரும் அங்கேயே குடியிருக்கிறார்கள்.

அந்த நாட்டில் இரண்டு பழக்கங்கள் உண்டு. கதைக்கு இரண்டுமே வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்தக் காலத்திலோ ஆண்ட மன்னர் ஒருவரைக் கணக்கர்கள் நன்றாக ஏமாற்றினார்கள். கொட்டிலில் ஒரே ஒரு யானை நிற்க, ஏட்டில் மூன்று யானைகள் நின்றன. இல்லாத இரண்டு யானைகளும் பதினோரு வருடம் வயிறாரக் கரும்பு தின்றன. விஷயம் தெரிந்த அன்றே மன்னர் ஏடுகளைக் குளத்தில் போடச் சொன்னார். இனி நாட்டில் பொதுக் கணக்கு எதுவானாலும் குடத்தில் கல் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். கல்லை எண்ணவும் கூடாது. எண்ண ஆரம்பித்தால் மறுபடி கணக்கர் வந்துவிடுவார். குடம் கழுத்து வரை நிறைந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

அதே மன்னருக்கு முகஸ்துதியும் ஆகாது. சட்டத்தில் எவருடைய பெயரையும் பட்டத்தையும் எழுதக்கூடாது, தன்னுடையதைக்கூட எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். 'ஆடு வைத்திருப்போர் இன்னது செய்க, தோணி வைத்திருப்போர் இன்னது செய்க' என்றுதான் அந்த நாட்டுச் சட்டம் பேசும். மன்னர் போய்ச் சேர்ந்து பல தலைமுறை ஆயிற்று. இரண்டு பழக்கங்களும் அப்படியே இருந்தன.

நோயாளிகளுக்கும் குடம் உண்டு. அரசு மருந்துச்சாலையின் நீண்ட அலமாரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று வைத்திருப்பார்கள். மருந்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்காசுக்கும் அதில் ஒரு கல் விழும். குடம் நிறைந்துவிட்டால் அந்த வருடம் முடிகிற வரை மருந்து இலவசம். மற்றதை அரண்மனை பார்த்துக்கொள்ளும். வருடப் பிறப்பன்று எல்லாக் குடங்களையும் கவிழ்த்துவிடுவார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு குடத்துக்கு நூற்றிருபது கல் பிடிக்கும் என்பதுதான் சங்கடம். எண்ணக்கூடாது என்றாலும் ஏழைகள் மனசுக்குள் எண்ணிக்கொள்ளத்தான் செய்தார்கள்.

அப்படி எண்ணியவர்களில் பவுனாம்பாளும் ஒருத்தி. சந்தை முனையில் வேர்க்கடலை அவித்து விற்பவள். அவள் கணவன் எத்திராசு இருபது வருடம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவன். காளவாய் அவனுக்குக் கூலி கொடுத்ததோடு நிற்காமல் நெஞ்சு நிறையப் புகையையும் தூசியையும் கொடுத்து அனுப்பியது. இப்போது வீட்டுக்குள் பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வாரத்துக்கு ஒரு புட்டி மூச்சுக் கஷாயம் உள்ளே போனால் நடமாடுவான். போகாவிட்டால் உதடு நீலம் பாரிக்கும். புட்டி மூன்று காசு. பவுனாம்பாள் ஒரு வாரம் முழுக்கக் கடலை அவித்தாலும் நான்கு காசுதான் மிஞ்சும்.

அவர்களிடம் செப்பு வில்லை ஒன்று இருந்தது. சொந்தமாகச் சம்பாதித்த சேமிப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு அரண்மனை தரும் சலுகை வில்லை அது. நாட்டில் முக்கால்வாசிப் பேர் கழுத்தில் அது தொங்கியது. திருவிழா அன்று அதைக் காட்டினால் ஒரு கரண்டி பொங்கல் கூடுதலாக விழும். வேறு பயன் எதுவும் அதற்கு அதுவரை இல்லை.

வருடத்தின் பதினேழாவது வாரம். பவுனாம்பாள் கணக்கில் ஐம்பத்தொரு கல் ஆகியிருந்தது. அன்று தெருவில் பறை கேட்டது. யானை மேல் பட்டு விரித்து, பட்டின் மேல் ஒரு சின்னக் குடத்தை வைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். நலத்துறை அமைச்சர் அம்பலக்கூத்தர் தேரில் நின்றபடி கைகூப்பினார்.

"பெருங்குடி மக்களே! செப்பு வில்லை வைத்திருப்போரின் துயரம் அரண்மனையின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆகவே இன்று முதல் அவர்களின் குடம் பாதி அளவாகக் குறைக்கப்படுகிறது. பாதிக் குடம் நிறைந்தாலே போதும். அதன் பிறகு உங்கள் மருந்து எங்கள் கவலை!"

அரண்மனையின் உறக்கம் அந்த மாதத்தில் கெட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 'குடம் நிறை நாள்' நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அரண்மனைச் சதுக்கத்தில் ஆள் உயரப் பெருங்குடம் ஒன்றை வைப்பார்கள். குடிமக்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் போட வேண்டும். குடம் நிறைந்தால் மன்னர் வெண்குடையார் மேலும் ஐந்து வருடம் ஆள்வார். நிறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். இதுவரை நிறையாமல் போனதில்லை. பக்கத்தில் இன்னொரு குடம் வைக்கும் வழக்கம் கிடையாது. கல் போடாதவர் வீட்டுக்குக் காவலர் வந்து உடம்புக்கு என்ன என்று அன்போடு விசாரிப்பார்.

பவுனாம்பாளுக்கு அந்த அறிவிப்பு வயிற்றில் பால் வார்த்தது. அறுபது கல் போதும். ஐம்பத்தொன்று ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. இன்னும் ஒன்பது, அதாவது மூன்றே புட்டி. கடலைச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"என்னங்க, மூணே வாரம். அப்புறம் காசே இல்லாம மருந்து. வருஷம் முடியுற வரைக்கும்!"

எத்திராசு சுவரில் சாய்ந்தபடி சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "அப்போ இந்த மூணு வாரத்துக்கு நான் சாகக் கூடாதுங்கிற" என்றான்.

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று அதட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் புதுக் குடத்தைப் பார்க்க மருந்துச்சாலைக்குப் போனபோது அலமாரி புதிதாக இருந்தது. கல் எழுத்தர் குப்புரத்தினம் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். சட்ட ஓலைக் கட்டில் உள்ளதற்கு ஒரு நூல் கூடவும் போகமாட்டார், குறையவும் மாட்டார். லஞ்சம் வாங்கமாட்டார். இரக்கமும் காட்டமாட்டார். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை.

அவளுடைய புதிய குடத்தை எடுத்து வைத்தார். பாதி அளவுதான், பொய்யில்லை. பழைய குடத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புதுக் குடத்தின் வாயில் வைத்தார். கல் உள்ளே போகவில்லை. குடம் பாதியானபோது வாயும் பாதியாகிவிட்டது.

"கல்லு போகலியே ஐயா" என்றாள் பவுனாம்பாள்.

"நானும் பார்த்துட்டுதாம்மா இருக்கேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

மேலிடம் ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. வாயை அகலமாக்கினால் போதும் என்று குழுவில் ஒருவரும் சொல்லவில்லை. குடத்தின் வாயை அந்த அளவில் முடிவு செய்தவர்களும் அதே ஒன்பது பேர்தான். மூன்று நாள் விருந்துக்குப் பின் அறிக்கை வந்தது. பறையடிப்பவன் தெருத்தெருவாகப் போனான். "சின்னக் குடத்துக்குப் பெரிய கல் அழகன்று. ஆகவே செப்பு வில்லை வைத்திருப்போர் இடும் கல் எதுவானாலும் இனிப் பாதி அளவுச் சிறு கல்லாகவே இருக்க வேண்டும். ஏற்கெனவே விழுந்த பெரிய கற்களுக்கு ஒன்றுக்கு ஒன்றாகச் சிறு கல் தரப்படும். ஒருவருக்கும் ஒரு கல்கூட நஷ்டமில்லை!"

பவுனாம்பாளின் ஐம்பத்தொரு கல்லும் ஐம்பத்தொரு சிறு கல்லாக மாறிச் சின்னக் குடத்துக்குள் விழுந்தன. எட்டிப் பார்த்தாள். பழைய குடத்தில் எங்கே நின்றதோ, இதிலும் அங்கேயே நின்றது, பாதிக்குக் கொஞ்சம் கீழே. மனசுக்குள் எண்ணினாள். அதே நூற்றிருபது. இன்னும் அறுபத்தொன்பது.

"பாதியாக் கொறச்சுட்டோம்னு யானைல வந்து சொன்னாங்களே ஐயா!"

"குடம் பாதியா இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா?"

 

அறுபத்தொன்பது கல் என்றால் இருபத்துமூன்று புட்டி. சரி, வருடக் கடைசியிலாவது நிறைந்துவிடும் என்று தேற்றிக்கொண்டாள். அதற்குள் அடுத்த பறை வந்தது. மூச்சுக் கஷாயத்தின் நியாயமான விலை ஒரு காசு என்று அரண்மனை கண்டுபிடித்திருந்தது. இனி நியாயமான விலைக்கு மட்டுமே கல் விழும். மருந்துச்சாலை மூன்று காசு வாங்குகிறதே என்று சந்தையில் யாரோ கேட்டதற்கு, அமைச்சர் அம்பலக்கூத்தர் நின்று விளக்கம் கொடுத்தார்.

"ஒரு காசுக்கு விற்கப்பட வேண்டும் என்பது அரசின் கொள்கை. மூன்று காசுக்கு விற்கப்படுவது நடைமுறை. அரசு கொள்கைக்குத்தான் பொறுப்பேற்கும்."

மருந்துச்சாலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் மன்னரின் மைத்துனர். அதைப் பற்றிச் சந்தையில் யாரும் பேசவில்லை. இந்தக் கதையும் பேசப்போவதில்லை.

மூன்று காசு கொடுத்தால் ஒரு கல். அறுபத்தொன்பது கல்லுக்கு அறுபத்தொன்பது புட்டி. வருடத்தில் மிச்சமிருந்ததோ முப்பது சொச்சம் வாரம். குடம் நிறைவது இனிக் குதிரைக் கொம்பு என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எத்திராசிடம் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு புட்டியைப் பத்து நாளைக்கு இழுத்தாள், பிறகு இரண்டு வாரத்துக்கு இழுத்தாள். கரண்டியில் குறைவதை அவன் பார்க்காமல் இருக்க, முதுகைக் காட்டி நின்று ஊற்றினாள். அவனும் பார்க்காதவன் போலவே வாங்கிக் குடித்தான்.

இதற்கிடையில் வில்லை சரிபார்ப்பு வந்தது. வில்லை ஆணையர் அலுவலகம் குன்றின் உச்சியில் இருந்தது, முந்நூறு படி. வில்லை வைத்திருப்பவரும் அவர் வீட்டு நோயாளியும் நேரில் வர வேண்டும் என்றது ஆணை. முந்நூறு படி ஏறி வருகிறவருக்கு மூச்சு நோய் எப்படி இருக்கும் என்று கேட்டு, ஏறி வந்தவர்கள் பலருடைய மருந்துச் சீட்டை அங்கேயே கிழித்துவிட்டார்கள். ஏறாதவர்கள் வில்லையை இழந்தார்கள். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, பவுனாம்பாள் பக்கத்து வீட்டார் நான்கு பேரைக் கெஞ்சி, எத்திராசைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஏறினாள்.

ஆணையர் கட்டிலைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"நான்கு பேர் சுமக்க வருகிறவர் பல்லக்கில் வருகிறவர். பல்லக்கில் வருகிறவருக்குச் சலுகை எதற்கு?"

"பல்லக்கு இல்லீங்க, கயித்துக் கட்டிலு. அக்கம்பக்கத்துக்காரங்க பாவம் பார்த்துத் தூக்கிட்டு வந்தாங்க."

"கூலி கொடுக்காமல் நான்கு ஆட்கள் கிடைப்பதும் ஒருவகைச் செல்வமே."

பவுனாம்பாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அப்படின்னா இன்னும் ஒரு மாசம் பொறுங்க. மருந்து இல்லாம இவரு மூச்சு நின்னதும் இதே நாலு பேருதான் இவரத் தூக்குவாங்க. அப்பவும் பணக்காரன் போறான்னு எழுதிக்கிடுங்க!"

தூக்கி வந்த நால்வரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆணையர் கொஞ்ச நேரம் முத்திரையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு வில்லையில் குத்தினார். "இந்த ஒரு வருடம்தான். அடுத்த முறை சொந்தக் காலில் வர வேண்டும். 'தூக்கி வரப்படும் எவரும் வில்லையை இழப்பர்' என்று இன்றே சட்டக் கட்டில் சேர்க்கச் சொல்கிறேன்" என்றார். அன்றே சேர்த்தார்கள்.

குடம் நிறை நாள் வந்தது. வீட்டில் புட்டியின் அடியில் ஒரு கரண்டி மருந்து இருந்தது. மடியில் ஒரே ஒரு காசு. எத்திராசு காலையிலிருந்து பேசவில்லை. பேச மூச்சை வீணாக்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். கல் போடாவிட்டால் காவலர் வந்து விசாரிப்பாரே என்றுதான் அவள் சதுக்கத்துக்குப் போனாள். பெருங்குடத்தைச் சுற்றி மாலை, தோரணம், மேளம். வில்லைக்காரர்கள் வரிசையில் ஆளுக்கு ஒரு சிறு கல்லைக் கொடுத்தார்கள். வில்லைக்காரர் இடும் கல் எதுவானாலும் சிறு கல்தான் என்பது சட்டம். கொடுத்த சிப்பந்தி சட்டப்படிதான் கொடுத்தான்.

மத்தியானம் தாண்டியது. வரிசை முடிந்தது. கடைசி ஆளாகப் பவுனாம்பாள் ஏணியில் ஏறிக் கல்லைப் போட்டாள். அது விழுந்து சேர வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. அம்பலக்கூத்தர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். குடம் பாதிக்குச் சற்று மேலே நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன இது? மக்களின் அன்பு குறைந்துவிட்டதா?"

ஏணியின் கீழே நின்ற பவுனாம்பாள் சொன்னாள்: "அன்பு அதேதானுங்க. கல்லுதான் பாதி."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் பலமாக அடித்தார்.

பந்தலுக்குப் பின்னால் அமைச்சர்கள் கூடினார்கள். வெண்குடையார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய கல்லாகப் போடச் சொல்லலாம் என்றார் ஒருவர். ஒருவர் இரண்டு முறை கல் போடக்கூடாது என்று பழைய சட்டம் இருந்தது. குடத்தைச் சின்னதாக்கலாம் என்றார் இன்னொருவர். மன்னரின் குடம் என்று சட்டத்தில் எழுத முடியாதே என்று எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். பொழுது சாய்ந்தால் மன்னர் இறங்கியாக வேண்டும்.

அம்பலக்கூத்தருக்குத்தான் அந்த யோசனை வந்தது. "மன்னர்பிரான் தம் வாழ்நாளில் உழைத்துச் சம்பாதித்த காசு ஏதேனும் உண்டா?"

"ச்சே, ஒரு காசு கிடையாது" என்றார் மன்னர், கொஞ்சம் கோபமாகவே.

"அப்படியானால் தாங்கள் செப்பு வில்லைக்கு முழுத் தகுதி உடையவர்."

அங்கேயே மன்னரின் கழுத்தில் ஒரு வில்லையை மாட்டினார்கள். சதுக்கத்துக் குயவரைக் கூப்பிட்டு, கையில் கிடைத்த சின்னஞ்சிறு கலயம் ஒன்றை வாங்கினார்கள். ஐந்து கல் பிடிக்கும். அமைச்சர் அவசர அவசரமாக எழுதி முத்திரையிட, பறையடிப்பவன் மேடையேறினான்.

"கேளுங்கள், கேளுங்கள்! செப்பு வில்லை வைத்திருப்போரின் குடம் இனி ஒரு கைப்பிடி அளவே. அதில் விழுந்த கல், பெரியதானாலும் சிறியதானாலும் செல்லும். இது இந்த நொடி முதல் அமல்!"

பெருங்குடத்திலிருந்து ஒரு கை கல்லை அள்ளிக் கலயத்தில் போட்டார்கள். நிறைந்து வழிந்தது. வாழ்த்தொலி எழுந்தது. கூட்டம் கலைந்து வீட்டுக்குக் கிளம்பியது.

பவுனாம்பாள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பல மாதமாக அரண்மனைச் சொற்கள் ஒவ்வொன்றும் அவள் தலையில்தான் விழுந்திருந்தன. எந்தச் சொல் எங்கே இடிக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். பறையடித்தவன் சொன்னதை உதட்டுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். மருந்துச்சாலைக்கு ஓடினாள். விழா நாள் என்று பூட்டியிருந்தது.

மறுநாள் கதவு திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றாள். கடைசிக் கரண்டி மருந்து முந்தைய நாளே தீர்ந்திருந்தது.

"ஐயா, நேத்து ஒரு சட்டம் போட்டாங்களே, அது உங்க கட்டுக்கு வந்துச்சா?"

"ராத்திரியே வந்துடுச்சு. ஏம்மா?"

"கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

குப்புரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். செப்பு வில்லை வைத்திருப்போரின் குடம் இனி ஒரு கைப்பிடி அளவே.

"எந்த வில்லைக்காரரோட கொடம்னு போட்டிருக்கா?"

"போடல. போடவும் கூடாது."

"எந்த இடத்துல இருக்கிற கொடம்னு?"

அவர் ஓலையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இன்னொரு முறை படித்தார். ஓலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை படித்தார்.  பவுனாம்பாள் தன் கழுத்திலிருந்த வில்லையை எடுத்து மேசை மேல் வைத்தாள்.  இந்த மனிதர் ஒரு வருடத்தில் ஒரு முறைகூட அவளுக்காகச் சட்டத்தை வளைத்ததில்லை. இன்றைக்கும் வளைக்கக்கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

குப்புரத்தினம் எழுந்தார். தண்ணீர்ப் பானை மேல் கவிழ்த்திருந்த கலயத்தை எடுத்து வந்தார். அவளுடைய சின்னக் குடத்தை அதன் மேல் சாய்த்தார். கற்கள் சடசடவென்று விழுந்து, கலயம் நிறைந்து, மேசையில் உருண்டு, தரையெல்லாம் சிதறின.

"நிறைஞ்சிடுச்சு" என்றார், வழக்கமான குரலில். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்: "மூச்சுக் கஷாயம் ஒரு புட்டி. காசு வாங்காதே."

பவுனாம்பாள் புட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். அழக்கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. குப்புரத்தினம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "தரையில கெடக்குற கல்லை யாரும்மா பொறுக்குறது?" என்றார் கொஞ்சம் கடுமையாக. அவள் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மத்தியானத்துக்குள் மருந்துச்சாலை வாசலில் வரிசை சந்தை முனை வரை நீண்டது.

நான்காம் நாள்தான் அரண்மனைக்கு விஷயம் தெரிந்தது. மைத்துனர் ஓடி வந்தார். அம்பலக்கூத்தர் ஓலையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டத்தை ரத்து செய்யலாம். செய்தால் மன்னருடைய கலயமும் ரத்தாகும், சதுக்கத்துப் பெருங்குடம் மறுபடி பாதியில் நிற்கும். மன்னர் கழுத்து வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். பிறகு, மக்கள் நலனுக்காகவே அந்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது என்று பறையடித்தார்கள்.

வருடம் திரும்பியது. வில்லை சரிபார்ப்பும் வந்தது. எத்திராசு விடாமல் மருந்து குடித்ததில் கொஞ்சம் தேறியிருந்தான். பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான். நூறாவது படியில் அவனுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து நாய் போல இரைத்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் செப்பு வில்லை. தூக்கி வரப்படும் எவரும் வில்லையை இழப்பர் என்பதால் பல்லக்கைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். எத்திராசு சற்று நகர்ந்து அவருக்குச் சாய இடம் கொடுத்தான்.

"மெதுவா வாங்க. ஆபீசு மத்தியானம் வரைக்கும் தொறந்திருக்கும்" என்றான். வெண்குடையார் தலையை மட்டும் ஆட்டினார். பேச மூச்சில்லை.

அடுத்த வாரமே வில்லை ஆணையர் அலுவலகம் குன்றடிவாரத்துக்கு மாற்றப்பட்டது. ஆள் வர வேண்டியதில்லை, வில்லையைக் கொடுத்தனுப்பினால் போதும் என்றும் சட்டம் வந்தது.

பவுனாம்பாள் புது வருடத்தின் முதல் புட்டியை வாங்க மருந்துச்சாலைக்குப் போனாள். மூன்று காசு கொடுத்தாள். குப்புரத்தினம் கலயத்தில் ஒரு கல்லைப் போட்டார்.

"மூணு காசு குடுத்தா இன்னும் ஒரு கல்லுதானா ஐயா?"

"நியாயமான விலை ஒரு காசும்மா. அந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கு."

புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு அடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"ஏன் ஐயா, மன்னருக்கு இருமலெல்லாம் வருமா?"